பாண்டிபஜாரில் வரிசைகட்டும் புதிய ஓட்டல்கள்: உட்காரும் முன்னாடி இதை எல்லாம் கவனிங்க!

சென்னை தியாகராயநகர் என்றாலே ஜவுளி, நகை, பாத்திரம் என்பது ஒரு காலம். இப்போது சாப்பிடுவதற்காகவே பஸ் ஏறி வருகிறவர்கள் அதிகமாகி விட்டார்கள். பிரியாணி, மந்தி, மோமோஸ், ஷவர்மா, சிறுதானிய டிபன், பில்டர் காபி என்று பாண்டிபஜாரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் புதுப்புது போர்டுகள் முளைக்கின்றன.

கலர் விளக்கும் கண்ணாடி கதவும் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மாச கடைசியில் பிள்ளைகளோடு உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, பில்லை பார்த்து முழிக்க கூடாது இல்லையா? புது ஓட்டலுக்குள் போகும் முன்பும், பில் வந்த பிறகும் என்ன பார்க்கணும் என்ற விவரம் இதோ:

ஏரி இருந்த இடம்

இன்று தியாகராயநகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. நீதிக்கட்சி ஆட்சி நடந்த 1920-களில் அந்த ஏரியை தூர்த்து குடியிருப்பு பகுதி உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று இன்றைக்கும் ஒரு சாலை இருப்பது இதனால்தான்.

நீதிக்கட்சி தலைவர் சர் பிட்டி தியாகராயர் நினைவாக ஊருக்கு பெயர் வைத்தார்கள். அதே கட்சியை சேர்ந்த டபிள்யூ.பி.ஏ.சவுந்திரபாண்டியன் பெயரில் அமைந்த அங்காடிதான் மக்கள் வாயில் சுருங்கி 'பாண்டிபஜார்' ஆகி விட்டது.

சாப்பாட்டுக்கு தியாகராயநகர் போவது புது பழக்கம் இல்லை. 1981-ல் கே.கே.நகரில் சரவண பவன் தொடங்கப்பட்டது பற்றி பலமுறை சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. "இங்கே நல்ல ஓட்டல் இல்லை, சாப்பிட தி.நகர்தான் போகணும்" என்று ஒருவர் அலுத்துக்கொண்டதுதான் அந்த ஓட்டல் பிறக்க காரணம் என்பார்கள்.

நடைபாதை வந்தது, கூட்டமும் வந்தது

சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் என தனி கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் ரூ.40 கோடி செலவில் பாண்டிபஜார் நடைபாதை வளாகம் அமைக்கப்பட்டு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது.

நடைபாதை அகலமானது. உட்கார இருக்கைகள் வந்தன. குழந்தைகள் விளையாடவும் இடம் கிடைத்தது.

அடுத்து 2023 மே மாதம் மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தியாகராயநகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 570 மீட்டர். ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் ரெயிலில் இருந்து பஸ்சுக்கு போகலாம்.

வழி ரொம்ப சுலபம். மாம்பலத்தில் இறங்கி உஸ்மான் ரோட்டுக்கு வந்து, வடக்கு பக்கமாக நடந்தால் பனகல் பூங்கா. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பாண்டிபஜார். மெட்ரோ ரெயிலின் 2-ம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தடமும் பனகல் பூங்கா வழியாகத்தான் அமைகிறது.

ஓட்டல் முதலாளிகள் இந்த இடத்தை தேடி வர காரணமும் இதுதான். காரில் போகிறவர் கடையை தாண்டி போய்விடுவார். நடந்து போகிறவர் நிற்பார், மணம் பிடிப்பார், விலையை பார்ப்பார், பசித்தால் உள்ளே வருவார். ஆக, அந்த ஓட்டல்களுக்கு உண்மையான முதல், நடந்து போகிற நீங்கதான்.

வாசலிலேயே பார்க்க வேண்டியது

விலைப்பட்டியல்: உட்கார்ந்த பிறகு கேட்பதை விட வாசலில் நின்று கேட்பது நல்லது. ஒரே ஓட்டலில் சாதா ஹாலுக்கு ஒரு விலை, ஏ.சி. ஹாலுக்கு ஒரு விலை என்று வைத்திருப்பார்கள். எந்த ஹாலில் உட்கார போறீங்களோ அந்த ஹாலின் பட்டியலை கேளுங்க.

லைசென்ஸ்: உணவு பாதுகாப்பு துறையின் 14 இலக்க எண் கொண்ட சான்றிதழை கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். எண் '1' என தொடங்கினால் அது உரிமம். '2' என தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு சான்று. 2022 ஜனவரி முதல் இந்த எண்ணை பில்லிலும் அச்சிட வேண்டும். புது கடையில் இது இல்லை என்றால் யோசித்து உள்ளே போங்க.

கியாஸ் சிலிண்டர்: ஓட்டலில் பயன்படுத்த வேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டுக்கு தரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை கடையில் வைத்து சமைப்பது சட்டவிரோதம்.

திறப்பு விழா சலுகை: 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போட்டிருந்தால், எந்த நேரத்துக்கு, எந்த அயிட்டத்துக்கு, பார்சலுக்கும் உண்டா என்று முதலிலேயே கேட்டு விடுங்க. ஆர்டர் கொடுத்த பிறகு சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை.

பில்லில் கண் வைங்க

ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சாதா ஓட்டலுக்கு 12, ஏ.சி. ஓட்டலுக்கு 18 என்று இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15-ந்தேதி முதல் இரண்டுக்கும் 5 சதவீதமாக குறைத்து விட்டார்கள். பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களுக்குத்தான் 18 சதவீதம். "ஏ.சி. ஹாலுக்கு வரி ஜாஸ்தி சார்" என்று சாதாரண ஓட்டலில் யாராவது சொன்னால் நம்பாதீங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். சின்ன ஓட்டல்கள் 'காம்போசிஷன்' என்ற எளிய வரி முறையில் இருக்கலாம். அவர்கள் வரியை தங்கள் கையில் இருந்துதான் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க கூடாது. ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத மெஸ்சும் வரி கேட்க முடியாது. ஆகவே பில்லில் வரி போட்டிருந்தால் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிறதா என்று பாருங்க.

அடுத்து 'சர்வீஸ் சார்ஜ்'. இது அரசு வரி இல்லை. டிப்ஸ் மாதிரி, விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். இதை தானாக பில்லில் சேர்க்க கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்க கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்கு போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவு சரி என்று தீர்ப்பு சொன்னது.

கணக்கு போட்டு பாருங்க. குடும்பத்தோடு ரூ.800-க்கு சாப்பிட்டால் ஜி.எஸ்.டி. ரூ.40. மொத்தம் ரூ.840. அதிலேயே 10 சதவீத சர்வீஸ் சார்ஜை சேர்த்து அதற்கும் வரி போட்டால் ரூ.924. வித்தியாசம் 84 ரூபாய்! வீட்டுக்கு ஒரு நாள் பால், காய்கறி வாங்கும் காசு. வேண்டாம் என்று சொன்னால் எடுத்து விடுவார்கள். சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. ஓட்டலுக்குள் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டல் சேவையோடு சேர்த்து தருவதால் அந்த சட்டம் பொருந்தாது என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறி விட்டது. அதனால் சர்வர் "பாட்டிலா, சாதா தண்ணியா?" என்று கேட்டால் "சாதா தண்ணி" என்று தெளிவாக சொல்லிடுங்க.

வயித்துக்கு ஆபத்து வரக்கூடாது

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு மாநிலம் முழுவதும் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டு தடை விதித்தது.

இறைச்சி உள்வரை வேகாமல் இருப்பதும், வெந்ததை மணிக்கணக்கில் வெளியே வைத்திருப்பதும்தான் பெரும்பாலும் வினை. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு கீழும் இருக்க வேண்டும் என்பது உணவு பாதுகாப்பு கணக்கு. தெர்மாமீட்டர் தேவையில்லை. ஆவி பறக்க வருதா, ஆறிப்போய் வருதா என்று பார்த்தாலே தெரிஞ்சுடும். உள்ளே சிவப்பாக இருக்கும் சிக்கனை தட்டிலேயே விட்டுவிடுங்க. குழந்தைகளுக்கு கொடுக்கவே கொடுக்காதீங்க.

எண்ணெயும் அப்படித்தான். திரும்ப திரும்ப காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருட்கள் 25 சதவீதத்தை தாண்டினால் அதை கீழே கொட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜூலையில் இருந்து அமலில் இருக்கிறது. எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகை அடித்தால் அந்த கடை பஜ்ஜி வேண்டாம்.

பார்சல் வாங்கும்போது சூடான சாம்பாரை பிளாஸ்டிக் பையில் கட்ட விடாதீங்க. 2019 ஜனவரி 1 முதல் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகித கப் உள்பட 14 வகை பொருட்களுக்கு தமிழகத்தில் தடை. மஞ்சப்பையில் ஒரு தூக்குவாளி கொண்டு போனால் பார்சல் டப்பாவுக்கு தனி காசும் மிச்சம்.

மூணு மணி சாப்பாடு

இந்த தெருவில் தினமும் சாப்பிடுகிறவர்கள் ஷாப்பிங் வருகிறவர்கள் மட்டும் இல்லை. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். கூட்டம் ஓய்ந்து அவர்கள் சாப்பிட கிளம்பும்போது மணி மூணு ஆகி விடும்.

நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபையில் சட்டம் கொண்டு வந்தார்கள். உட்கார நாற்காலிக்கு சட்டம் வந்தது. கட்டுப்படியாகும் விலைக்கு சாப்பாடு?

புது ஓட்டல்கள் வர வர வாடகையும் ஏறும். வாடகை ஏறினால் முதலில் மூட்டை கட்டுவது சின்ன மெஸ்சும் டீக்கடையும்தான். அம்மா உணவகம் 2013-ல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்து, ஏழை தொழிலாளிக்கும் நகரத்தில் இடம் உண்டு என்று காட்டியது. பாண்டிபஜார் மாதிரி இடத்தில் பெரிய ஓட்டலும் வேணும், அளவு சாப்பாடு போடும் மெஸ்சும் வேணும். மெஸ் பக்கத்து சந்தில் இருந்தாலும் தேடிப்போய் சாப்பிட்டால்தான் அது நிலைக்கும்.

நடைபாதை யாருக்கு?

பாண்டிபஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013-ல் தனி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். பல வருஷ பிழைப்பை இடம் மாற்றிக்கொண்டுதான் அவர்கள் நடைபாதையை விட்டுக்கொடுத்தார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு ஓட்டல் விளம்பர போர்டை வைப்பதும், நாற்காலியை போடுவதும், டெலிவரி வண்டிகளை நிறுத்துவதும் நியாயமா?

நடைபாதை சுருங்கினால் கைக்குழந்தையோடு வரும் பெண்ணும், கம்பு ஊன்றி வரும் பெரியவரும் ரோட்டில் இறங்க வேண்டி வரும். அப்புறம் அவர்கள் அந்த பக்கமே வர மாட்டார்கள். நடக்கிற கூட்டத்தை நம்பி கடை போட்டுவிட்டு நடக்கிற பாதையையே மறித்தால், நஷ்டம் ஓட்டலுக்கும்தான்.

புகார் செய்வது எப்படி?

கெட்டுப்போன உணவு, சுத்தமில்லாத சமையல் கூடம், லைசென்ஸ் இல்லாத கடை பற்றி தமிழக உணவு பாதுகாப்பு துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்-அப் எண்ணுக்கு படத்துடன் அனுப்பலாம்.

சர்வீஸ் சார்ஜை எடுக்க மறுத்தாலோ, வரி தப்பாக போட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். நடைபாதை ஆக்கிரமிப்புக்கு மாநகராட்சி எண் 1913.

எந்த புகாருக்கும் பில்தான் ஆதாரம். அதனால் பில் கேட்டு வாங்குங்க, வாங்கியதை கசக்கி எறியாம வீடு போய் சேரும் வரைக்கும் சட்டைப்பையில் வைங்க.