ஆயாக் கொட்டகை போனது. பிள்ளைகள் எங்கே போவது?

கோலகுபு பாருவை அடுத்துள்ள ஊர் அம்பாங் பெச்சா. 'உடைந்த அணை' என்பது அப்பெயரின் பொருள். 1883ஆம் ஆண்டு அங்கிருந்த அணை உடைந்து பழைய கோலகுபு வெள்ளத்தில் மூழ்கிய கதையை அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வட்டாரம் தொடங்கி கோலசிலாங்கூர் வரையிலான தோட்டங்களில் இன்னோர் அணையும் இருந்தது. வேலைக்குப் போகும் தாயின் கவலையைத் தாங்கி நின்ற அந்த அணைக்குப் பெயர் ஆயாக் கொட்டகை.

கங்காணி முறையில் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் வந்திறங்கிய காலம் அது. கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் செம்பனையை வணிகப் பயிராக நட்டார் என்றாலும், சுற்றுவட்டாரத்தில் ரப்பர்தான் கோலோச்சியது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே இருள் பிரியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். 1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளம், பல இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒருவர் சம்பளத்தில் அடுப்பு எரியாது. கணவனும் மனைவியும் நிரையில் இறங்கியே ஆக வேண்டும்.

அப்படியானால் கைக்குழந்தை? தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தாய் நேராக ஆயாக் கொட்டகைக்குப் போவாள். விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மரம் வெட்ட முடியாத வயதான பெண்கள் ஆயாக்களாக இருந்து பாலூட்டி, தாலாட்டி, மாலை வரை பார்த்துக்கொள்வார்கள். அந்த ஆயாக்களுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம்.

இது துரைமார்களின் தயாள குணம் அன்று. தாய் வராவிட்டால் மரம் வெட்ட ஆளில்லை என்ற கணக்குதான் காரணம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. ஆனாலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள் பலர். கொட்டகையின் குறைகளை அவர்களின் படிப்புதான் ஈடுகட்டியது என்றால் அது மிகையன்று.

பின்னர் காலம் மாறியது. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்கள் எழுந்தன. மக்கள் மலிவு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். பால் வாளி தூக்கிய தாயின் மகள், தொழிற்சாலை பேருந்தில் ஏறி ஷிஃப்டு வேலைக்குப் போனாள். வேலை நேரம் மாறியது. பிள்ளையைப் பார்ப்பது யார் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. லயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி இருந்தார். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக் கதவும் பூட்டித்தான் கிடக்கிறது, அவர்களும் வேலைக்குப் போய்விட்டதால்!

சட்டம் என்ன செய்கிறது? 1984ஆம் ஆண்டின் குழந்தை பராமரிப்பு மையச் சட்டம் 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கானது. அதற்கு மேற்பட்ட வயதினரைப் பகலில் வைத்துப் பார்க்கும் இல்லங்கள் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மையம் நடத்துவோர் எப்படி நடத்த வேண்டும் என்று இவ்விரு சட்டங்களும் சொல்கின்றன. மையம் இல்லாத ஊரில் அதை யார் அமைப்பது என்று சொல்லவில்லை. அதே வேளையில், 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, தக்க மேற்பார்வை இல்லாமல் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றம்.

தொடக்கப் பள்ளி மதியம் ஒரு மணிவாக்கில் விடுகிறது. தாய் வீடு திரும்ப மாலை ஆறோ ஏழோ ஆகிறது. இந்த ஐந்தாறு மணி நேரத்துக்குத்தான் 'ட்ரான்சிட்' இல்லங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஒரு பிள்ளைக்கு 300 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் இருவருக்கு 600. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேயே கரைந்துவிடும். வேன் கட்டணம் தனி. வருமான வரிச் சலுகை உண்டே என்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

வழி இல்லாமல் இல்லை. மதியத்துக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகள் உண்டு. வார நாள்களில் வெறிச்சோடும் கோயில் மண்டபங்கள் உண்டு. பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் முன்வரக்கூடிய பெண்களும் நம்மிடையே உண்டு. பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். செலவில் ஒரு பங்கை அரசும் முதலாளிகளும் ஏற்க வேண்டும்.

லாபத்தையே கணக்குப் பார்த்த வெள்ளைக்காரத் துரை கூட, தாய் வேலைக்கு வரவேண்டுமானால் பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தான். சுதந்திர நாட்டில் அந்தக் கூரையைத் தாய் தன் சம்பளத்திலிருந்து தானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்?