கிரானில் கட்டணமில்லாச் செய்மதித் தொலைக்காட்சி

கட்டணமில்லாச் செய்மதித் தொலைக்காட்சி என்பது, சங்கேதப் பூட்டு இடப்படாமல் செய்மதியிலிருந்து நேரே இறங்கும் ஒளிபரப்பை, மாதச் சந்தாவோ அட்டையோ இன்றி வீட்டு டிஷ் அன்டனாவால் பெற்றுக் காணும் முறையாகும். மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில் செங்கலடிக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் அமைந்த கிரான் போன்ற ஊர்களில் இம்முறையைத் தொடங்குவோர் பெரும்பாலும் இந்தியச் செய்மதிகளையே நாடுகின்றனர். அவை இப்பகுதிக்கு ஏறத்தாழ நேர் மேலே நிற்பதே அதற்கு முதற் காரணமாகும்.

இலங்கைக்கு இத்துறையில் ஒரு விசித்திரமான முன்னுரிமை உண்டு. பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் என்பதையும், அதை அஞ்சல் நிலையமாகக் கொண்டு உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்பதையும் 1945-இல் விரிவாக எழுதிய அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். அமெரிக்காவின் ஏரிஎஸ்-6 செய்மதி வழியாக இந்தியக் கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்ட 1975–76 பரிசோதனையின்போது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவரது கொழும்பு வீட்டிலும் ஒரு டிஷ்ஷை அமைத்துக் கொடுத்தது. நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1979-இலும், ரூபவாஹினி 1982-இலும்தான் தொடங்கின என்பதால், சொந்தமாக ஒளிபரப்பே இல்லாத நாட்டில் செய்மதித் தொலைக்காட்சி பார்க்கப்பட்டது.

இன்று புதிதாகத் தொடங்குவோருக்கு எளிதானது இந்தியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் சேவையாகும். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இது, தற்போது கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியிலிருந்து, கேயு பட்டை எனப்படும் உயர் அலைவெண் தொகுதியில் வருகிறது. இந்தியாவுக்குள் 60 சென்ரிமீற்றர் டிஷ் போதும் என்றாலும், கதிர்வீச்சு இந்தியாவை நோக்கி அமைக்கப்பட்டிருப்பதால், தீவின் கிழக்குக் கரையில் 75 முதல் 90 சென்ரிமீற்றர் அளவைத் தெரிந்தெடுப்பதே புத்திசாலித்தனம். சிறிய டிஷ் வெயில் நாளில் படம் காட்டும், மழை நாளில் கைவிடும்.

டிஷ்ஷின் கைநுனியில் பொருத்தப்படும் எல்என்பி என்னும் சிறு பெட்டி, வந்து சேரும் மெல்லிய அலையைப் பெருக்கி, கம்பிவழி செல்லக்கூடிய தாழ்ந்த அலைவெண்ணாக மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, 11,090 மெகாஹேர்ட்ஸில் வரும் அலையிலிருந்து எல்என்பிக்குள் உருவாகும் 9,750 மெகாஹேர்ட்ஸ் கழிக்கப்பட, மீதமாகும் 1,340 மெகாஹேர்ட்ஸ்தான் ஆர்ஜி-6 வகை வயர் வழியே ரிசீவருக்கு இறங்குகிறது. அதே வயரில் ரிசீவர் மேலே அனுப்பும் மின்னழுத்தம் 13 வோல்ட் ஆனால் செங்குத்து அலையையும், 18 வோல்ட் ஆனால் கிடை அலையையும் எல்என்பி தெரிந்தெடுக்கும். வயரின் நடுக்கம்பியும் வெளி வலையும் முனையில் தொட்டுக்கொண்டால் இந்த மின்சாரம் குறுக்கே பாய்ந்து ரிசீவரைப் பழுதாக்கக்கூடும். ஆகவே மின்னிணைப்பை நீக்கிய பின்னரே முனைகளைப் பூட்ட வேண்டும்.

திசை பார்ப்பதில்தான் பலர் இடறுகின்றனர். இந்தியப் பயனாளருக்காகச் சொல்லப்படும் கோணங்கள் கிரானுக்குப் பொருந்துவதில்லை. டெல்லியில் ஜிசாட்-15 அடிவானத்திலிருந்து 52 பாகை உயரத்தில் தெரியும்போது, கிரானில் அது 73 பாகை உயரத்தில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் 123 பாகையில், அதாவது தென்கிழக்கில் நிற்கிறது. இவ்வளவு உயரம் ஒருவகையில் நல்லதே: டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 15 மீற்றர் உயர்ந்து நிற்கும் தென்னைகூட, தென்கிழக்குப் புறத்தில் ஏறத்தாழ நாலரை மீற்றருக்குள் நின்றால்தான் மறைக்கும், எனவே தென்னந்தோப்பின் நடுவிலுள்ள வீட்டிலும் இடம் கண்டுபிடித்துவிடலாம். அதிகம் கவனிக்கப்படாதது எல்என்பியின் சாய்வாகும். செய்மதி அலையின் செங்குத்து நிலை பார்வையாளரின் செங்குத்தோடு ஒத்துப்போவதில்லை. அந்த வேறுபாடு டெல்லியில் 27 பாகை, சென்னையில் 45 பாகை, கிரானிலோ 56 பாகை அளவுக்கு வருகிறது. எல்என்பியை நேராகப் பூட்டிவிட்டுத் திசையை மட்டும் மணிக்கணக்கில் தேடுவது வீண் உழைப்பு. டிஷ்ஷின் பின்னால் நின்று செய்மதியை நோக்கினால், எல்என்பியை இடஞ்சுழியாக அரைத் திருப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பித் தொடங்கி, பின்னர் திரையைப் பார்த்துச் சீர்செய்ய வேண்டும்.

குழாய் சற்றும் சரியாமல் நிற்பதை மட்டப்பலகையால் உறுதிசெய்த பிறகே டிஷ்ஷை ஏற்ற வேண்டும். குழாய் சரிந்திருந்தால் கோண அளவுகோல் பொய் சொல்லும். தகரக் கூரைக்கு அருகில் திசைகாட்டியும் பொய் சொல்லும் என்பதால், திசையை வளவில் தள்ளி நின்று பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. ரிசீவர் திரையில் தோன்றும் இரண்டு பட்டைகளில், வலுவைக் காட்டுவது வயரும் எல்என்பியும் இயங்குகின்றன என்பதை மட்டுமே சொல்லும். தரத்தைக் காட்டும் பட்டை எழுந்தால்தான் செய்மதி அகப்பட்டது என்று பொருள். டிஷ்ஷை ஒரு விரற்கடை அசைத்து, ரிசீவர் அலையைப் பிடித்துக்கொள்ளச் சில நொடி பொறுத்து, மீண்டும் அசைக்க வேண்டும்.

ஃப்ரீ டிஷ்ஷில் கிடைப்பவற்றுள் பெரும்பங்கு இந்தி அலைவரிசைகளே. 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய பொதிகை உள்ளிட்ட சில தமிழ் அலைவரிசைகளுக்காக மட்டும் டிஷ் வாங்குவோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். அதே 93.5 பாகையில் சன் டைரக்ட் என்னும் கட்டணச் சேவையின் அலைவரிசைகளும் தேடலில் பெயரோடு வந்து நிற்கும். அவை பூட்டப்பட்டவை என்பதால் திரை கறுப்பாகவே இருக்கும், அது ரிசீவரின் பழுதன்று. கூடுதல் தமிழ் அலைவரிசைகளைத் தேடுவோர், கேயுவைவிடத் தாழ்ந்த அலைவெண் தொகுதியான சி பட்டைக்குச் செல்கின்றனர். அதற்கு ஆறு முதல் எட்டு அடி விட்டமுள்ள டிஷ்ஷும் வேறு எல்என்பியும் வேண்டும், அங்கும் பல அலைவரிசைகள் ஆண்டுக்காண்டு பூட்டுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. பெரிய டிஷ் கிரானில் ஏறத்தாழ வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்க வேண்டியிருப்பதால், தகட்டு டிஷ்ஷில் மழைநீரும் சருகும் தேங்கும். வலை டிஷ்ஷே இங்கு ஏற்றது.

கடற்காற்றின் உப்பு ஆணிகளையும் முனைகளையும் அரிக்கிறது. கச்சான் காற்றுக் காலத்துக்கு முன் ஆணிகளை இறுக்கி, முனைகளுக்கு இறப்பர் நாடா சுற்றுவது வழக்கமாக வேண்டும். வடகீழ்ப் பருவப் பெருமழையில் கேயு பட்டை அலை நீர்த்துளிகளால் உறிஞ்சப்பட்டுப் படம் துண்டு துண்டாகும். மழை தணிந்ததும் தானே சீராகும் என்பதால், அப்போது டிஷ்ஷைத் திருப்பக் கூடாது. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் முற்பகல் 11 மணியளவில் சூரியன் செய்மதியின் பின்னால் வந்து நிற்கும் சில நிமிடங்களுக்கும் இதே விதி. ஃப்ரீ டிஷ் இடங்கள் ஏலத்தில் ஓராண்டுக்கு விற்கப்படுவதால் அலைவரிசைப் பட்டியல் ஏப்ரல் 1-ஐ ஒட்டி மாறுவதுண்டு. வழக்கமான அலைவரிசை அந்நாட்களில் காணாமற்போனால், கூரையில் ஏறுவதற்கு முன் ரிசீவரில் புதிதாகத் தேடிப் பார்க்க வேண்டும்.