வாசக உரிமையும் எழுத்தாளன் அனுமதியும்: சில குறிப்புகள்

2009இல் அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்கும் ஒரு பகுதி வாசகர்களுக்கும் இடையே நடந்த தகராறு, எழுத்தாளர்களாகிய நமக்கு அக்கறைக்குரியது. அவ்வருஷம் பிப்ரவரியில் அமேஸான் கம்பெனி கொண்டுவந்த இரண்டாவது கிண்டில் கருவியில், திரையிலுள்ள எழுத்தை யந்திரக் குரலில் வாசித்துக் காட்டும் வசதி இருந்தது. எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்ட் இதை எதிர்த்தது. ஒலிப்புத்தக உரிமை எழுத்தாளன் தனியாக விற்கிற சரக்கு; கருவியே வாசித்துவிட்டால் அந்தச் சரக்கு விலை போகாது என்பது அதன் வாதம். அம்மாத முடிவிலேயே கம்பெனி பணிந்தது. எந்தப் புத்தகம் பேசலாம், எது பேசக்கூடாது என்பதை உரிமைதாரர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஏப்ரல் 7ஆம் தேதி, நியூயார்க்கில் கில்ட் அலுவலகத்தின் முன் பார்வையற்றவர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் இனாம் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிற புத்தகத்தைத் தங்களுக்கு இயன்ற வழியில் படிக்க விடும்படி கேட்டார்கள். தனியே பதிவு செய்துகொண்டு வசதி பெறலாம் என்ற யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. படிப்பதற்குச் சான்றிதழ் எதற்கு?

கில்டின் கவலை பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். எழுதிப் பிழைப்பவன் தன் வரும்படியைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். என் ஆட்சேபம் வேறு. பிரதி எடுப்பதன்மேல் எழுத்தாளனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாங்கப்பட்ட பிரதி வாசகனுக்குள் கண்வழி போகிறதா, காதுவழி போகிறதா, விரல்வழி போகிறதா என்பதன்மேல் அவனுக்கு எந்த அதிகாரமும் இருக்க முடியாது. குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்த அதிகாரம் கேள்வி. காதால் பெறுவதைக் கல்விக்குப் பக்கத்திலேயே வைத்த மொழி நம்முடையது. கண்ணால் மௌனமாகப் படிப்பதுதான் வாசிப்பு என்ற எண்ணம் அச்சுப் பழக்கத்தோடு நம்மிடம் ஊறிப்போனது.

தகராறின் வேர் பழையது. 1931இல் அமெரிக்கக் காங்கிரஸ், பார்வையற்ற பெரியவர்களுக்குப் புத்தகம் தர வருஷத்துக்கு 1,00,000 டாலர் ஒதுக்கிச் சட்டம் செய்தது. 1934இல் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டு வடிவில் வந்தன. நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டு, சங்கீத ரசிகர்கள் கைக்குப் பரவலாகப் போனது 1948க்குப் பிறகு. பார்வையற்ற வாசகர்களிடம் அது 14 வருஷம் முந்தியே போய்விட்டது. தொழில்நுட்பம் தயங்கவில்லை, அனுமதிதான் தயங்கியது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிமைதாரருக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1996இல் செனட்டர் ஜான் சாஃபி கொண்டுவந்த திருத்தம்தான் இந்த யாசகத்தை நிறுத்தியது. அதன்படி, இதற்கென உள்ள ஸ்தாபனங்கள் வெளியான நூல்களை அனுமதி கேட்காமலே பிரெயிலிலோ ஒலியிலோ மாற்றித் தரலாம். சலுகை உரிமையாக 60 வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அந்த உரிமையும் தேசத்தின் எல்லையோடு நின்றது. போர்ஹேஸை நம்மில் பலர் படித்திருக்கிறோம். 1955இல் அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கு அவர் இயக்குநரானபோது, அச்செழுத்தைப் படிக்கும் பார்வை அவரிடம் இல்லை. தாயார் வாசித்துக் காட்டினார். அறுபதுகளில் இளைஞராயிருந்த ஆல்பெர்ட்டோ மாங்குவெல் வாசித்துக் காட்டினார். போர்ஹேஸுக்குக் குரல்கள் கிடைத்தன. அதே ஊரில் பெயரில்லாத ஒரு பார்வையற்றவனுக்கு யார் வாசிப்பார்கள்? ஸ்பெயினின் பார்வையற்றோர் ஸ்தாபனத்திடம் ஸ்பானிய மொழியிலேயே பெரிய சேகரம் இருந்தது. ஆனால் ஒரு நாட்டின் விதிவிலக்கின்கீழ் செய்த பிரதியை மறு நாட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் வழியில்லை. ஒரே மொழியின் ஒரே நூலை நாட்டுக்கு நாடு புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அல்லது இல்லாமலிருக்க வேண்டும்.

இதை மாற்ற உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் 2008இல் ஒரு நகல் தயாரித்தது. 2009இல் பிரேஸில், ஈக்வடார், பராகுவே மூன்றும் அதை ஜெனீவாவில் ஐ.நா.வின் அறிவுச்சொத்து அமைப்பின் முன் வைத்தன. 2013 ஜூன் 27ஆம் தேதி மொராக்கோவின் மராகேஷ் நகரில் உடன்படிக்கை நிறைவேறியது. அதில் முதலில் இணைந்த நாடு, 2014இல், இந்தியா. 20 நாடுகள் சேர்ந்த பின் 2016 செப்டம்பர் 30இல் அமலுக்கு வந்தது.

இந்தியா முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் 1957ஆம் வருஷச் சட்டத்தில் இத்தகைய விதிவிலக்கே கிடையாது. எனக்குத் தெரிந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர், நண்பர்கள் காஸெட்டில் வாசித்துத் தந்த நாவல்களால் படித்து மேலே வந்தவர். அந்த நட்பின் உழைப்பைச் சட்டம் எங்கும் பெயர் சொல்லி அங்கீகரித்திருக்கவில்லை. 2010இல் வந்த மசோதா, பிரெயில் போன்ற விசேஷ வடிவங்களுக்கு மட்டும் இடம் தந்தது. பிரெயில் அறியாதவர், எழுத்துகள் குழம்பித் தெரிபவர், புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர் எல்லோரும் வெளியே நிற்க வேண்டியதுதான். 2009 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய வாசிப்புரிமை இயக்கம் இதை விடாமல் எதிர்த்தது. முன்னின்றவர்களில் ஒருவர் சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன். 2012இல் நிறைவேறிய திருத்தம், வடிவம் எதுவானாலும் சரி என்று ஏற்றது. லாபநோக்கில்லாத ஸ்தாபனம் மட்டுமல்ல, எந்தத் தனி நபரும் இதைச் செய்யலாம் என்றது. நண்பனின் குரலுக்கு இப்போது சட்டத்தில் இடம் உண்டு. செரியன் 2013 பிப்ரவரியில் காலமானார். மராகேஷைப் பார்க்க அவர் இல்லை.

அமெரிக்கத் தகராறுக்கும் ஒரு முடிவு வந்தது. பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்திய ஹாதிடிரஸ்ட் மின்சேகரத்தின்மீது அதே கில்ட் 2011இல் வழக்குப் போட்டது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு முழுநூலையும் திறந்துவிடுவது நியாயமான உபயோகம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது.

இனி நம் விஷயம். நம் பத்திரிகைகள் சில நூறு பிரதிகள் போகின்றன. காப்புரிமையால் நாம் யாரும் வீடு கட்டியதில்லை. ஆகவே இது நம்மைத் தொடாது என்று நினைக்கலாம். தொடுகிறது. பழைய சிறுபத்திரிகைகள் இன்று படமாக எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. வாசிக்கும் யந்திரத்துக்கு அந்தப் படம் வெற்றுத் தாள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த கவிதைகளோ, யந்திரத்தின் வாயில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. சட்டம் திறந்த கதவை நம் அச்சுப்பழக்கம் மூடி வைத்திருக்கிறது. இதற்குக் கில்டையோ கம்பெனியையோ குறைசொல்ல முடியாது. அடுத்த இதழிலிருந்து அச்சுக்குப் போகும் கோப்பின் யூனிகோடு நகல் ஒன்றை, கேட்கிற எவருக்கும் காரணம் கேட்காமல் கொடுப்பது என்று ஆசிரியர்கள் தீர்மானித்தால் போதும். வாசகர்கள் இல்லை என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களிடமிருந்து தொடங்கலாம்.