ஈதர் காற்றும் கொடைக்கானல் கோடுகளும்

இயற்பியல் பாடநூல்கள் ஈதரின் கதையை இரண்டே வரியில் முடித்துவிடும். ஒளி அலையென்றால் அதைச் சுமக்க ஓர் ஊடகம் வேண்டும் என்று நம்பினார்கள்; 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் அப்படியொன்று இல்லை என்று நிறுவிவிட்டார்கள். முதல் வரியில் குறையில்லை. இரண்டாவதை ஏற்பதற்கில்லை. கிளீவ்லாந்தில் பாதரசத்தில் மிதக்கவிட்ட கற்பலகையைச் சுழற்றி அவர்கள் தேடியது, விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றும் பூமியின்மேல் வீச வேண்டிய ஈதர் காற்றை. குறுக்கீட்டுப் பட்டைகள் 0.4 பட்டை அளவுக்கு நகர வேண்டும் என்று கணக்கு சொன்னது. கண்டது அதில் மிகச் சிறு பகுதிகூட இல்லை. காற்று இல்லை என்றால் ஊடகமும் இல்லை என்ற முடிவுக்கு மைக்கல்சன் போகவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டும் லொரென்ட்சும் ஈதரை வைத்துக்கொண்டே பொருள்களின் நீளம் சுருங்குவதாகச் சொன்னார்கள். ஐன்ஸ்டைன்கூட 1905-இல் ஈதர் தேவையற்றது என்றாரே தவிர, இல்லையென்று நிறுவ முனையவில்லை.

ஈதர் பூமியோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது என்ற மாற்று விளக்கம் இன்னொரு கேள்வியைக் கிளப்பியது. தரையருகே ஒட்டிய ஈதர் உயரத்தில் நழுவுமல்லவா? அமெரிக்க இயற்பியலாளர் டேட்டன் மில்லர் 1920களில் தம் குறுக்கீட்டுக் கருவியை மவுண்ட் வில்சன் மலையுச்சிக்குக் கொண்டுபோனது இதற்காகத்தான். விநாடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் காற்று தெரிகிறது என்று 1925-இல் அவர் அறிவித்தபோது அதை யாரும் சிரித்து ஒதுக்கவில்லை. அவருடைய அளவுகளை ஷங்க்லாண்டும் உடன் உழைத்தோரும் மறுபடி அலசி, வெப்பநிலை வேறுபாட்டின் விளைவே பெரும்பகுதி என்று எழுதியது 1955-இல். 1887-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் வழக்கு அதுவரை நீண்டது.

இந்தியாவில் சார்பியல் நுழைந்த வழியும் ஈதர்தான். ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் மூலக் கட்டுரைகளை மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போசும் ஆங்கிலத்தில் பெயர்க்க, கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இல் நூலாக்கியது. அதற்கு மகலனோபிஸ் எழுதிய வரலாற்று முன்னுரை ஈதரிலிருந்தே தொடங்குகிறது. புதிய கொள்கையைப் படிக்க வருபவர் பழைய கேள்வியைக் கையில் ஏந்தியே வர வேண்டும் என்று அந்த இளைஞர்கள் கருதினார்கள் போலும். இன்றைய பாடத்திட்டக் குழுக்களுக்கு இல்லாத வரலாற்றுணர்வு அது.

அதே காலத்தில் கொடைக்கானலில் நடந்தது இன்னும் கூர்மையானது. 1899-இல் தொடங்கிய சூரிய வானாய்வகத்துக்கு ஜான் எவர்ஷெட் 1907-இல் வந்தார். 1911 முதல் 1923 வரை இயக்குநர். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு கிடையாகப் பாய்வதை 1909-இல் கண்டறிந்தவர் அவர். சூரிய நிறமாலைக் கோடுகள் ஆய்வகத்தில் பெற்ற கோடுகளைவிடச் சற்றே சிவப்புப் பக்கம் விலகியிருப்பதை அவரும் தாமஸ் ராய்ட்சும் அளந்துவந்தார்கள். ஐன்ஸ்டைனின் கணிப்புப்படி சூரிய ஈர்ப்பால் வரவேண்டிய விலக்கம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் 0.0085 ஆங்ஸ்ட்ராம். டாப்ளர் கணக்கில் சொன்னால் விநாடிக்கு 0.64 கிலோமீட்டர். கொடைக்கானல் அட்சரேகையில் பூமியின் தற்சுழற்சியே விநாடிக்கு 0.46 கிலோமீட்டர். நேரம் பார்த்து அதைக் கழிக்காவிட்டால் அளவு குப்பை. நிறமாலை பதிந்த ஒளிப்படத் தகட்டை அளக்க எவர்ஷெட் கையாண்ட முறை அழகானது: எதிர்ப்படிமத் தகட்டின்மேல் அதே தகட்டின் நேர்ப்படிம நகலைத் தலைமாற்றி வைத்து, கருங்கோடும் வெண்கோடும் ஒன்றையொன்று விழுங்கிச் சீரான சாம்பல் நிறமாகும் வரை நுண்திருகைத் திருகுவார்.

இந்த விலக்கத்தை எவர்ஷெட் உடனே ஐன்ஸ்டைன் கணக்கில் சேர்த்துவிடவில்லை. நிறமாலைக்காரருக்குக் கோடு நகர்ந்தால் ஏதோ நகர்கிறது. ஆனால் வட்டின் நடுவிலும் விளிம்பிலும் ஒருங்கே சிவப்பு விலக்கம் தெரிந்தால், சூரிய வாயு எங்கும் பூமியை விட்டு ஓடுவதாகப் பொருளாகும். நம்பக் கூசும் இந்த ‘பூமி விளைவை’ அவர் கேலிக்கு அஞ்சாமல் சோதனைக்கு உட்படுத்தினார். வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் ஒளி, பூமிக்கு முகம் காட்டாத சூரியப் பக்கத்திலிருந்து வருவது. அதில் விலக்கம் மாறுகிறதா? அந்த அளவுகள் எளிதில் பிடிகொடுக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில்தான் ஈர்ப்பு விலக்கத்தை அவர் ஒப்புக்கொண்டார். நடுவட்டில் விலக்கம் கணிப்பைவிடக் குறைவதற்குச் சூரியப் பரப்பில் கொதித்தெழும் வாயுவே காரணம் என்பது பிற்கால விளக்கம்.

கிளீவ்லாந்தில் வேகம் இருக்க வேண்டிய இடத்தில் வேகம் இல்லை. கொடைக்கானலில் வேகம்போலத் தெரிந்தது வேகமே அல்ல. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாகவே நான் வாசிக்கிறேன். முதலாவது, வெளியின்மேல் நகர்வு என்ற பண்பைச் சுமத்தும் உரிமையைப் பறித்தது. இரண்டாவது, வெளிக்கும் காலத்துக்கும் இடத்துக்கு இடம் மாறும் அளவுப் பண்பு உண்டு என்பதற்குச் சான்றாயிற்று. ஐன்ஸ்டைன் 1920-இல் லைடன் உரையில் சொன்னதும் இதையே: பொதுச் சார்பியலின் வெளி வெறுமை ஆகாது, பண்புள்ளது, அந்தப் பொருளில் ஈதர் உண்டு, ஆனால் அதன் பகுதிகளைக் காலத்தில் பின்தொடரவோ, அதற்கு நகர்வைக் கற்பிக்கவோ முடியாது. இது வெறும் சொற்சமாதானம் என்று மறுப்போர் உண்டு. லொரென்ட்சின் மனம் கோணாதிருக்கச் செய்த மரியாதை என்றும் சொல்லலாம். அப்படியே இருந்தாலும், அளவில் சிக்கும் பண்பு ஒன்று அதில் மிஞ்சுகிறது.

இதைப் பார்க்க இன்று சூரியன் வரை போக வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். உயர வேறுபாடு 1000 மீட்டர் என்று கொண்டால், கீழிருந்து மேலே செல்லும் ஒளியின் அதிர்வெண் பத்து லட்சம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு குறையும். மேலேயுள்ள கடிகாரம் கீழேயுள்ளதைவிட நாளொன்றுக்கு 9 நானோவிநாடிக்குச் சற்று அதிகமாக முந்தும். பவுண்டும் ரெப்காவும் 1960-இல் ஹார்வர்டின் 22.5 மீட்டர் உயரத்தில் இதைவிடப் பன்மடங்கு சிறிய விலக்கத்தைப் பிடித்தார்கள். இன்றைய ஒளியியல் அணுக் கடிகாரங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம்கூடத் தெரியும். அதே மலையில் மில்லரைப்போல் ஈதர் காற்றைத் தேடினால் ஒன்றும் கிட்டாது. உயரம் கூடக்கூட நழுவும் ஊடகத்தை எதிர்பார்த்து அவர் மலையேறினார். உயரத்தோடு மாறியது கடிகாரத்தின் ஓட்டம்.