உழைப்போர் ஊர்தி

மன்னர் ஏறிய யானைக்கும் தேருக்கும் வரலாற்று நூல்களில் பக்கங்கள் பல உண்டு. தறிக்கூடத்திற்கும் பனியன் கம்பெனிக்கும் நாள்தோறும் தொழிலாளரைச் சுமந்து சென்ற மிதிவண்டிக்கு அவ்வாறு ஒதுக்கப்பட்ட பக்கங்கள் மிகச் சிலவே. ஆயினும், எளிய மக்களின் வாழ்வில் எது மாறுதலை விளைவித்தது என்று கேட்டால், தேரினும் இவ்விரு சக்கரங்களே முன்வந்து நிற்கும்.

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் பொங்கலூர். வடக்கே திருப்பூரின் பின்னலாடைத் தொழில். மேற்கே பல்லடம் வட்டாரத்தின் விசைத்தறிகள். மழையையும் கிணற்றையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இவ்விரு தொழில்களையும் நாடிச் சென்றபோது, அவர்களுள் பலருக்கு ஊர்தியாய் அமைந்தது மிதிவண்டியே. கைப்பிடியில் தூக்குப்போசி, பின்னிருக்கைக் கம்பியில் மடித்த துண்டு என அவர்கள் சாலையோரம் சென்ற காட்சியை இப்பகுதியின் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் ஆடிக்காற்று இவர்களை நன்கறியும். பல்லடம் நோக்கிக் காலையில் செல்பவரை அது எதிர்த்து நிற்கும். மாலையில் திரும்புகையில் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். இன்று காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான் அன்று அவர்தம் கால்களின் வலிமையைச் சோதித்தது.

இவ்வூர்தியின் பிறப்பே இல்லாமையோடு தொடர்புடையது என்பர் சில ஆய்வாளர். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகைத்திரை ஞாயிற்றின் வெம்மையைக் குறைத்தமையால், 1816-இல் ஐரோப்பாவில் கோடையே இல்லாது போயிற்று. தீவனம் அரிதாகிக் குதிரைகள் மடிந்தன. குதிரை வேண்டாத ஊர்தி ஒன்றைக் காண வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. 1817-இல் செருமனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ், கால்களால் தரையை உந்திச் செலுத்தும் மரவண்டியை ஓட்டிக் காட்டினார். 1860-களில் பாரிசில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தப்பட்டது. 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டார்லி உருவாக்கிய வண்டியில்தான் ஒத்த அளவுள்ள சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் ஒருங்கே அமைந்தன. 1887-இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவரான டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். நம் ஊர்க் கடைகளில் சிறு துண்டாக வெட்டித் தரப்படும் 'வால்ட்யூப்', அவர் பெயரால் வழங்கும் காற்றடைப்பானின் உறுப்பேயாகும்.

தொடக்கத்தில் இந்தியாவில் மிதிவண்டி செல்வரின் உடைமை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. விடுதலைக்குப் பின்னரே அது பெருவாரியாக இங்கு உருவாகலாயிற்று. 1949-இல் முருகப்பா குழுமத்தார் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றுடன் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. சோனிபத்தில் 1951-இல் அட்லஸும், லூதியானாவில் 1956-இல் ஹீரோவும் தோன்றின. பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் பணம் சேர்த்து வாங்கும் முதற்பொருள்களுள் ஒன்றாக மிதிவண்டி ஆயிற்று. வாங்க இயலாதவர்க்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. உள்ளாட்சி மன்றங்கள் அதற்கு ஆண்டு வரி வசூலித்து வில்லை வழங்கியதும், விளக்கின்றிச் சென்றோரையும் இருவராய் ஏறிச் சென்றோரையும் காவலர் நிறுத்தியதும் அக்காலத்துச் செய்திகள்.

ஆனால் சாலையில் செல்லும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்த்தெருவைக் கடக்கும்போது மிதிவண்டியினின்று இறங்கித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும் என்ற கொடிய வழக்கம் இருந்தது. சொந்த உழைப்பில் வாங்கிய வண்டியில் ஏறி அமர்வதே ஒருவர்க்குக் குற்றமாயிற்று. இருக்கையில் அமர்ந்தவரின் தலை, திண்ணையில் அமர்ந்தவரின் தலையினும் உயர்ந்து தோன்றியதே அதற்குக் காரணம் போலும்! ஆகவே, இறங்க மறுத்துத் தெருவைக் கடந்தவர் ஒவ்வொருவரும் வெறும் பயணம் செய்தவர் அல்லர், மானத்தை நிலைநாட்டியவர்.

பெண்கள் திறத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் ஆண்டனி, பெண்விடுதலைக்கு வேறெதனினும் மிதிவண்டியே மிகுதியாகத் துணைசெய்தது என 1896-இல் கருத்துரைத்தார். அதன் உண்மையை ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் மெய்ப்பித்துக் காட்டியது நம் புதுக்கோட்டை. 1991-இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். எழுத்துக் கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்கள் பிறர் துணையின்றி ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டும் என்பது முதல் நோக்கம். விரைவில் அது அந்நோக்கத்தைக் கடந்து வளர்ந்தது. பதினெட்டுத் திங்களுக்குள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். உழவுத்தொழிலாளர், கல்லுடைக்கும் பெண்கள், கிராமச் செவிலியர், பாலர்பள்ளிப் பணியாளர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் பலர் ஆண்களின் வண்டியையே ஏற்றனர். குறுக்குக்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவரும் உண்டு. ஏளனம் செய்தோர் இல்லாமலில்லை. எனினும் பேருந்திற்காகக் காத்துக்கிடந்த நேரமும், தந்தையையோ கணவனையோ எதிர்பார்த்துக் கிடந்த நேரமும் அப்பெண்களுக்கு மீண்டன. விளைபொருளைத் தாமே பல ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்க முடிந்தது. வருவாயினும் அவர்கள் பெரிதாக மதித்தது, எவர் கையையும் எதிர்பாராத நிலையையே.

அரசுகளும் இப்பாடத்தைக் கற்றன எனலாம். தமிழகத்தில் 2001-இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம் பிள்ளைகளைப் பதினோராம் வகுப்பில் நிலைக்கச் செய்ய எண்ணியது. 2006-இல் பீகார் அரசு மாணவியர்க்கு மிதிவண்டிக்கென உதவி வழங்கியதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் மாணவியர் 32 விழுக்காடு பெருகியதாகக் கண்டனர்.

எனினும் காலம் மாறிற்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மிதிவண்டி வைத்திருந்த குடும்பங்கள் 2001-இல் 43.7 விழுக்காடு, 2011-இல் 44.8 விழுக்காடு. அதே பத்தாண்டுகளில் விசை இருசக்கர வண்டி வைத்திருந்தோர் 11.7 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாயினர். மிதிவண்டி வீட்டில் நின்றது. வேலைக்குச் சென்றது மோட்டார் வண்டி. 2020 சூன் 3, உலக மிதிவண்டி நாள். அன்றுதான் சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திற்று!

இந்நிலையில், குருவாயிருந்து பின்னர் அப்பணியினின்று விலகிய சிந்தனையாளர் இவான் இல்லிச் 1970-களில் எழுதியது நினைவுகூரத் தக்கது. அமெரிக்கர் ஒருவர் தம் காருக்காக ஆண்டில் 1600 மணி நேரம் செலவிடுகிறார் என அவர் கணக்கிட்டார். ஓட்டும் நேரம் மட்டுமன்று. வண்டியின் விலைக்கும் எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் உழைக்கும் நேரமும் அதில் அடங்கும். அவர் கடந்த தொலைவோ 7500 மைல். வகுத்தால் மணிக்கு ஐந்து மைல்கூடத் தேறாது! மிதிவண்டியில் செல்பவரோ, நடப்பவரைப்போல் மூன்று நான்கு மடங்கு விரைவாக, ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலிலேயே செல்கிறார். நம் தொழிலாளரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வண்டித் தவணைக்கும் பெட்ரோலுக்கும் மாதத்தில் எத்தனை ஷிப்டு போகிறது?

இதனால், எல்லாரும் மீண்டும் மிதிவண்டிக்குத் திரும்புக என்று சொல்லிவிடல் எளிது, நேர்மையாகாது. திருப்பூர்த் தொழிலில் வழக்கமாகிவிட்ட ஒன்றரை ஷிப்டு முடித்து, கால் கடுக்க நின்ற ஒருவரை எதிர்காற்றில் மிதிக்கச் சொல்வது இரக்கமற்ற அறிவுரை. லாரிகளும் கம்பெனி வண்டிகளும் விரையும் சாலையில், ஒதுங்க ஓரமின்றி இருளில் செல்வதும் அச்சந்தருவதே. வறுமையின் அடையாளமாக அதை இகழ்வது எவ்வளவு தவறோ, வறுமையை அழகுபடுத்தி அதைப் போற்றுவதும் அவ்வளவு தவறு. வேலை நேரம் அளவாகவும், சாலையோரம் காப்பாகவும் அமையும்போதுதான் மிதிவண்டி ஒருவரின் விருப்பத் தேர்வாக முடியும்.

ஆயினும் அருகிலேயே வேலை உடையோர் எண்ணிப் பார்க்கலாம். வீட்டுப் பின்புறத்தில் துருவேறி நிற்கும் பழைய வண்டி செத்துவிடவில்லை. பழுது நீக்கக் கோன், பால்ஸ் மாற்றி, ரிம்மின் கோட்டம் எடுத்து, புதிய டயரும் டியூபும் இட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் முப்பது ஆண்டு முதிர்ந்த வண்டியும் உருளும். பழுதுபட்டது எதுவென்று கண்ணால் காணலாம். சிறு கடைக்காரர் கையால் திருத்தலாம். தவணை இல்லை, உரிமம் இல்லை, எரிபொருள் இல்லை. தெருவில் இறங்கித் தள்ள மறுத்தவரும், குழந்தையைக் குறுக்குக்கம்பியில் அமர்த்திச் சென்ற புதுக்கோட்டைத் தாயும் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது. அதை எடுத்து மிதிப்பவர் பின்னோக்கிச் செல்கிறார் என எவரும் எண்ண வேண்டா.