இலவசமும் உரிமையும்: கொங்குநாட்டுத் தொடக்க வகுப்புகளில் இணைய வளங்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இன்று இணையத்தில் பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 2017இல் மைய அரசு தொடங்கிய தீக்‌ஷா தளம், 2018 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் அச்சாகிவரும் கியூஆர் குறியீடுகள், 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பைத் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இவற்றுக்கு அப்பால் எண்ணிலடங்காத யூடியூப் காணொலிகள். எதற்கும் காசு தர வேண்டியதில்லை. அதனாலேயே எல்லாவற்றையும் ‘இலவச வளங்கள்’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். அப்படிப் போடுவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளின் வகுப்பில் ஒரு வளம் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை அதன் விலை தீர்மானிப்பதில்லை. அதை வெட்டவும், மாற்றி எழுதவும், பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டா என்பதே தீர்மானிக்கிறது.

கொங்குநாட்டுக்கு இது புதிய கேள்வியன்று. கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930இல் நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாகக் காரணமானார். அந்த வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர் பெ. தூரன், 1908இல் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். கழகத்தின் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்து முடித்தபின், குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1976 வரை கொண்டுவந்தார். பெரியவர்களுக்குச் செய்த நூலைக் குழந்தை கையில் அப்படியே கொடுக்க முடியாது என்பதை வகுப்பறையில் நின்று பழகிய அவர் அறிந்திருந்தார். இன்று அத்தொகுதிகள் இணையத்தில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. ஆயினும் ஏழு வயதுக் குழந்தைக்கு அவற்றைத் தர வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், வாக்கியத்தை உடைக்க வேண்டும், அரை நூற்றாண்டுக்கு முந்தைய அறிவியல் செய்திகளைப் புதுப்பிக்க வேண்டும். பார்வைக்கு மட்டும் கிடைக்கும் பக்கத்தில் இவ்வளவையும் செய்ய முடியாது.

சட்டம் ஆசிரியருக்குச் சிறிது இடம் தந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறலாகாது. ஆனால் படியெடுப்பது வேறு. மாற்றி எழுதி அடுத்த ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதற்குக் கட்டற்ற உரிமம் வேண்டும். யுனெஸ்கோ 2002இல் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயரை முன்வைத்தபோது அதன் உள்ளடக்கமாக இருந்தது இந்த உரிமையே. 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரின் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. மூலப் படைப்பாளிகளின் பெயரைக் குறித்து, செய்த மாற்றத்தையும் சொல்லிவிட்டால், யாரும் மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், அச்சிடலாம். யூடியூப்பில் அவ்வகை உரிமத்தோடு வெளியிடப்பட்டவை தவிர மற்றக் காணொலிகளுக்கு இந்தத் தாராளம் இல்லை. ஓடவிட்டுப் பார்க்கலாம், அவ்வளவே.

இந்த வேறுபாடு வகுப்பில் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் ஒரு கிழவி வீட்டின் பின்புறத்தைப் பெருக்குகிறாள். கீழே, “பாட்டி கொல்லைப்புறத்தைப் பெருக்கினாள்” என்றிருக்கிறது. அன்னூர்ப் பக்கத்து இரண்டாம் வகுப்புக் குழந்தை எழுத்துக்கூட்டி ‘கொல்லைப்புறம்’ வரை வந்து நின்றுவிடும். அதன் வீட்டில் அந்த இடத்துக்குப் பெயர் பொடக்காலி. எழுத்தைக் கண்டுபிடிப்பது ஒரு சுமை, தெரியாத சொல்லின் பொருளைக் கண்டுபிடிப்பது இன்னொரு சுமை. இரண்டையும் ஒரே வரியில் ஏற்றுகிறோம். “அம்மாயி பொடக்காலியைக் கூட்டினாள்” என்று வரியை மாற்றினால் இரண்டாம் சுமை இறங்கிவிடுகிறது. எழுத்து கூடியவுடனே பொருளும் கூடுகிறது. அந்தக் குழந்தை முதன்முறையாக வாசிக்கிறது. (அம்மாயியா அம்மிச்சியா என்பது ஊருக்கும் சமூகத்துக்கும் ஏற்ப மாறும். அதை முடிவுசெய்ய அந்த ஆசிரியரால்தான் முடியும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பதிப்பாளரால் முடியாது.)

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இத்தேவையை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகளில் உள்ள குழந்தைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒரு காணொலி ஒரே வேகத்தில்தான் ஓடும். யாரோ ஒரு சாராருக்கு அது பொருந்தாமல் போகும். திருத்தக்கூடிய கதையை அரும்புக்குப் படமும் ஒற்றைச் சொல்லுமாக, மொட்டுக்கு ஒரு வரியாக, மலருக்கு முழுக் கதையாக மூன்று விதமாக அச்சிடலாம். படம் ஒன்றே என்பதால் மூவரும் ஒரே கதையைப் பற்றிப் பேசுகிறார்கள், யாரும் தனித்து விடப்படுவதில்லை. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் குழந்தைகள் படிக்கும் வகுப்பில் இதன் மதிப்பு மேலும் கூடுகிறது. தமிழில் உள்ள படக்கதை ஒடியாவிலோ இந்தியிலோ கிடைத்தால் இரண்டையும் அருகருகே வைக்கலாம். கிடைக்காவிட்டால், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தாயை உட்காரவைத்து எழுதி வாங்க உரிமம் இடம் தருகிறது. ஆனைகட்டி மலையில் இருளர் மொழி பேசும் குழந்தைகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

வட்டார வழக்கில் வாசிக்கவைத்தால் பொதுத்தமிழ் வராது என்ற எதிர்வாதம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் பொடக்காலியும் கொல்லைப்புறமும் கரும்பலகையில் அருகருகே எழுதப்படும்போது குழந்தை ஒன்றை இழக்கவில்லை, இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறது. பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். இச்சொற்களுக்கு அகராதித் தகுதி எப்போதோ வந்துவிட்டது. வகுப்பறைத் தகுதி தருவதில்தான் நாம் தயங்கிக்கொண்டிருக்கிறோம். திரைமுன் குழந்தைகளை உட்காரவைப்பது பற்றிய கவலைக்கும் கட்டற்ற உரிமமே விடை: ஆசிரியர் பதிவிறக்கி, அச்சிட்டு, தாளாகக் கையில் கொடுத்துவிடலாம். இணைய இணைப்பு அறுந்தாலும் தாள் இருக்கும்.

என்னை உண்மையாகத் தயங்கவைப்பது நேரம். எமிஸ் எனும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்துக்கான பதிவேற்றங்கள் கற்பித்தல் நேரத்தை விழுங்குகின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகக் குரல் கொடுத்துவருகின்றன. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்பவரிடம் கதையையும் திருத்தி எழுதுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. தனியாளிடம் இந்த வேலையைச் சுமத்தக் கூடாது. குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் எப்படியும் வருகிறார்கள். அக்கூட்டத்தில் மேலிருந்து வந்த காணொலியைப் பார்த்துவிட்டுக் கலைவதற்குப் பதிலாக, ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரே ஒரு கதையை எடுத்து மூன்று நிலைகளுக்கும் தம் ஊர்ச் சொற்களில் எழுதி முடிக்கலாம். அதை வட்டார வள மையம் அச்சிட்டுத் தர வேண்டும், ஆசிரியரின் கைக்காசில் ஜெராக்ஸ் எடுக்கும் நிலை கூடாது. கடைசிப் பக்கத்தில் மூல எழுத்தாளர், ஓவியர் பெயர்களுக்குக் கீழே தழுவி எழுதியவர்களின் பெயர்களும் பள்ளியின் ஊரும் வர வேண்டும்.