மாட்டு வண்டியிலிருந்து சட்டைப் பைக்கு: காமிரா வந்த வழி

பழநிக்குப் போய் வந்தவர் பஞ்சாமிர்தம் கொண்டுவந்து அண்டை வீட்டார்க்கு அளிப்பது நம் வழக்கம். இக்காலத்தில் விடுமுறைக்குப் போய் வருவோர் அதனோடு படங்களையும் கொண்டுவருகின்றனர். தான் கண்டதைத் தன்னைச் சார்ந்தோர்க்கும் காட்டினாலன்றி மனித மனம் நிறைவதில்லை. ஆதலின், ஊருக்குப் புறப்படும் நாள் நெருங்குந்தோறும் "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்ற வினா நம் காலனியில் எழுகின்றது. விடை காணுமுன் அக்கருவி நம் கைக்கு வந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். சரக்குகளின் எடையை நாள்தோறும் ஏட்டில் பதியும் ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, அவ்வரலாறு சுமை குறைந்த வரலாறாகவே தோன்றுகின்றது.

வண்டிச் சுமை

1839-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாகேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகளில், அதாவது 1856-இல், சென்னையிலேயே ஒளிப்படக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. அதே ஆண்டில் கம்பெனிப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் ட்ரைப் என்பவர் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப் பெற்றார். அவர் 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படம் பிடித்தார். பெரிய காமிரா, மெழுகூட்டிய தாள்கள், மருந்துப் புட்டிகள், உதவியாட்கள் ஆகிய யாவும் மாட்டு வண்டிகளில் உடன் சென்றன. ஒரு காட்சி தாளில் பதியப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வளவு இடரையும் தாங்கித் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் தொடர்ச்சியாகப் படம் எடுத்தார். 21 படங்களை ஒட்டிச் சேர்த்த அத்தொகுப்பு 19 அடி நீளம் உடையது. ஆயினும், பின்னர் ஆளுநராக வந்த ட்ரெவெலியன் இப்பணியை ஆடம்பரச் செலவு எனக் கருதி நிறுத்திவிட்டார். அரசே தாங்கவொண்ணாத செலவு எனில், குடும்பத்தார் காமிரா வைத்திருப்பது எங்ஙனம்?

கைச் சுமை

அந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-இல் அவர் கோடக் என்னும் பெட்டிக் காமிராவை 25 டாலருக்கு விற்றார். அதனுள் 100 படங்களுக்குரிய சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் காமிராவையே ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் பெற்றுக்கொண்டு, படங்களை அச்சிட்டுப் புதுச் சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவர். மருந்து, இருட்டறை ஆகிய சுமைகள் அன்றே பயணியை விட்டு நீங்கின. 1900-இல் வந்த பிரௌனி காமிராவின் விலை ஒரே டாலர். பள்ளிச் சிறுவரும் படம் எடுக்கும் காலம் பிறந்தது.

ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்குரிய 35 மில்லிமீட்டர் பிலிமைச் சிறிய காமிராவுக்குப் பயன்படுத்தினார். சிறிய பிலிமில் எடுத்துப் பெரிய படமாக அச்சிடுவதே அவர் கண்ட வழி. அதன் பயனாக 1925-இல் லைக்கா காமிரா சந்தைக்கு வந்தது. மேலங்கிப் பையில் அடங்கும் காமிராவுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடைபெறாமலில்லை. 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து அளித்தது. பிற்காலத்தில் நலிவுற்று அது மூடப்பட்டது. பரோடாவில் செய்யப்பட்ட அக்ஃபா கிளிக் காமிராவை நம் தந்தையர் பலர் அறிவர். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். ஆதலால் தாத்தா பாட்டிக்கு ஒன்று, கோபுரத்துக்கு ஒன்று, குழந்தைகளுக்கு இரண்டு என்று முன்கூட்டியே பங்கிட்டு, அனைவரையும் வரிசையாக நிறுத்திய பின்னரே பொத்தானை அழுத்தினர். தேர்ந்தெடுக்கும் வேலை, எடுக்குமுன்னரே முடிந்துவிட்டது.

சுருளும் ஒழிந்தது

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் ஒளியை மின்னாக மாற்றிப் பதியவல்ல சில்லினைக் கண்டனர். அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றனர். 1975-இல் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், பிலிம் இல்லாத முதற் காமிராவைச் செய்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. அப்படத்தில் இருந்தவை பதினாயிரம் புள்ளிகளே. 1995-இல் ஜப்பானின் காசியோ நிறுவனம், எடுத்த படத்தை முதுகுப்புறத் திரையில் உடனே காட்டும் சிறு காமிராவை விற்றது. 2000-இல் கானன் நிறுவனத்தின் இக்சஸ் டிஜிட்டல் காமிரா சட்டைப் பையில் ஏறியது.

பின்னர்க் கைப்பேசியிலேயே காமிரா புகுந்தது. 2010-இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் லென்ஸைக் கழற்றவியலாத சிறு காமிராக்கள் 20 லட்சத்துக்கும் குறைவாகவே அனுப்பப்பட்டன. பிலிமால் உலகாண்ட கோடக் நிறுவனமே 2012-இல் திவால் பாதுகாப்பை நாட நேர்ந்தது.

எதை வாங்குவது?

இனி நம் வினாவுக்கு வருவோம். விற்பனையாளர் முதலில் மெகாபிக்சலைச் சொல்வார். அதில் மயங்க வேண்டா. 6 அங்குலம், 4 அங்குலம் அளவுள்ள படத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். இக்காலக் கருவி எதுவும் அதற்கு மேலேயே தரும்.

நோக்க வேண்டியது ஒளியை ஏற்கும் சில்லின் பரப்பு. விலை குறைந்த சிறு காமிராக்களில் அது ஏறக்குறைய 28 சதுர மில்லிமீட்டர். 'ஓரங்குலம்' எனப்படும் வகையில் 116 சதுர மில்லிமீட்டர். அஃதாவது நான்கு மடங்கு. மாலை வெளிச்சத்திலும் வீட்டு முற்றத்து விளக்கொளியிலும் முகம் தெளிவது இப்பரப்பினால்தான். 2012-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ். 100 என்பது, இத்தகைய சில்லை 240 கிராம் எடையுள்ள கருவிக்குள் அடக்கிக் காட்டியது. இவ்வகைக்கு விலை மிகுதி. அடுத்து, லென்ஸ் நகர்ந்து தொலைவை அருகாக்கும் 'ஆப்டிகல் ஜூம்' எவ்வளவு என்று கேட்க வேண்டும். 'டிஜிட்டல் ஜூம்' என்பது இருக்கும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயாகும்.

நல்ல கைப்பேசி உடையவர், சிறு சில்லுள்ள மலிவுக் காமிராவை வாங்குவதால் பெறும் பயன் பெரும்பாலும் ஜூம் ஒன்றே. அது வேண்டாதவர் அப்பணத்தை வேறொன்றுக்கு ஒதுக்கலாம். அந்த வேறொன்றைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எஞ்சிய சுமை

வண்டி போயிற்று, இருட்டறை போயிற்று, சுருளும் போயிற்று. தேர்தலும் காத்தலும் ஆகிய சுமை மட்டும் போகவில்லை. பன்னிரண்டு படம் எடுத்தோர் பன்னிரண்டையும் ஆல்பத்தில் ஒட்டினர். ஆயிரம் படம் எடுக்கும் நாம் ஒன்றையும் அச்சிடுவதில்லை. கைப்பேசி நீரில் விழுந்தால் மூன்றாண்டு விடுமுறையும் அதனோடு மூழ்கிவிடும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இஃது எளிய இழப்பன்று. நம் குழந்தைகள் தாத்தா பாட்டியரைக் காண்பது ஆண்டில் சில நாட்களே. ஊர்த் தெருவும் கிணற்றடியும் அவர்கட்குப் படத்தில்தான் தெரியும். நாமோ, ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸின் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள். இக்காலனியில் நாம் வாழ்ந்தோம் என்பதற்குச் சுவரும் சான்று கூறாது. மரமும் சான்று கூறாது.

ஆதலின் அன்பர்களே, எக்காமிராவேனும் வாங்குங்கள், வாங்காமலும் இருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இருபது படங்களைத் தேர்ந்து அச்சிடுங்கள். அவற்றின் பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். மூலப் படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ட்ரைப் எடுத்த தஞ்சைப் படங்களை இன்று நாம் காண முடிவது, அவை தாளில் அச்சேறி, விவரம் எழுதப்பெற்று, நூலகங்களில் காக்கப்பட்டமையால்தான். அடுத்த ஆண்டு விழாவில் வீட்டுக்கு ஒரு பழைய படம் வீதம் கொணர்ந்து, நம் சங்க மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைப்போமாக. படத்தில் உள்ளவர் இன்னார் என்று கூறவல்ல பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்; அவர்களைக் கேட்டுப் பெயர்களை இவ்வாண்டே எழுதிவிடுவோம்.